பெட்ரோலைத் துப்பிய வண்டி

மாமா இறந்துபோன பிறகு அத்தை எங்கள் ஊரான பெருமாட்டிக்கு, எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். கூடக் கொண்டுவந்தது வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்று. அவளுக்கு ஓட்டவும் தெரியும். அதை விற்றுவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவளுடைய தம்பி, என் சித்தப்பா. கடைசியில், கிருத்திகைக்குப் பழனி போய் வந்துவிட்டால் வண்டி அத்தைக்கே, நடுவழியில் நின்றுபோனால் மறுநாளே விலை பேசுவது என்று முடிவாயிற்று.

அத்தை ஓட்ட, பக்கத்தில் நான், பின்னால் சித்தப்பா. சித்தூர் ரோட்டுப் பெட்ரோல் பம்பிலேயே வந்தது வினை. குழாயை வைத்ததும் டாங்கி குமட்டிக் குமட்டி வெளியே துப்பியது. ஊற்றினவன் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

“இது கொள்ளாதும்மா. பொம்பளைங்க ஓட்டற வண்டியா இது?”

சித்தப்பா இறங்கவே இல்லை. “தள்றதுக்கு ஆள் கூப்புடட்டுங்களாக்கா?”

“ஆளெதுக்குத் தம்பி, நீ இருக்கீல்ல? டாங்கி ரொம்பாம நான் இந்த எடத்தை உட்டு நகர மாட்டேன்.”

பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தாள். பெட்ரோல் உள்ளே போகப் போகக் காற்று வெளியேற, டாங்கி வாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழாய் உண்டு. அது அடைத்திருந்தது.

ஆயுதபூசையன்று வண்டிக்குப் பொட்டு வைக்க அத்தை கை நீட்டியபோது, “நீங்க வெக்கக் கூடாதுங்கக்கா” என்று சித்தப்பா கிண்ணத்தை என்னிடம் கொடுத்திருந்தார். ஓர் இடம் விட்டுப்போனாலும் சாமி கோபித்துக்கொள்ளும் என்று, குங்குமம் குழைத்த சந்தனத்தை அந்தத் துளையிலும் அப்பியவள் நான்தான்.

அத்தை கொண்டை ஊசியால் நோண்டினாள். காய்ந்த சிவப்புக் கட்டி உள்ளங்கையில் விழுந்தது. என்னைப் பார்த்தாள், வையவில்லை.

“இப்ப ஊத்துங்க.”

பெட்ரோல் சத்தமில்லாமல் இறங்கி டாங்கி நிறைந்தது. அத்தை அந்தக் கட்டியைத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். அத்தனை பேர் முன்னாலும் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். ஹாரன் சத்தம் நின்றது.

“அக்கா, அழிச்சுருங்க. சனம் பாக்குது.”

“பாக்கட்டும். நீ வாரியா, எறங்கிக்கிறியா?”

சித்தப்பா இறங்காமல் பின்சீட்டில் சாய்ந்துகொண்டார். வண்டி எங்கும் நிற்காமல் பழனி போய்ச் சேர்ந்தது.

என் தப்பை மறைக்கத்தான் அத்தை அதை நெற்றியில் வைத்துக்கொண்டாள் என்று அந்தச் சின்ன வயதில் நினைத்தேன். மலைமேல், என் பாவம் அவளைச் சேரக் கூடாதென்று முருகனிடம் அழுது மன்னிப்புக் கேட்டேன்.