மூச்சுக்காக நாடியில் போட்ட தையல்

என் மூக்கும் உதட்டுக்குக் கீழே நாடியும் ஒரே நாளில், ஒரே மயக்கத்தில் திருத்தப்பட்டன. வீட்டில் மூக்கைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

மூக்குக்குக் காரணம் இருந்தது. உள்ளே இருக்கும் தடுப்பு கோணலாகி, இடது பக்கத்தால் மூச்சே வராது. தனியார் மருத்துவமனையில் சத்திரசிகிச்சை நிபுணர் என் முகத்தைப் பக்கவாட்டில் படமெடுத்துக் கணினியில் போட்டார். தடுப்பை நிமிர்த்தும்போதே மேலே இருக்கும் திமிலையும் சீவிவிடலாம் என்றார். பிறகு திரையில் உதட்டுக்குக் கீழே ஒரு கோடு வரைந்தார். மூக்கு அவ்வளவு பெரிதில்லை, நாடிதான் உள்ளே போயிருக்கிறது, அதனால் மூக்கு பெரிதாகத் தெரிகிறது, நாடியில் ஒரு சின்ன சிலிக்கோன் துண்டு வைத்தால் இரண்டும் சமனாகும் என்றார். தனித்தனியாகச் செய்தால் இரண்டு மயக்கம், இரண்டு தடவை வீக்கம், இரண்டு தடவை லீவு. ஒன்றாகச் செய்தால் எல்லாம் ஒரு தடவை.

வெள்ளவத்தையில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறவளுக்கு லீவைப் பற்றிச் சொன்னால் உடனே விளங்கும். சம்மதப் படிவத்தின் இரண்டு பெட்டியிலும் சரி போட்டேன்.

வீட்டில் சொல்லாததற்கும் காரணம் உண்டு. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் தெரியும். வீட்டுக்கு வரும் எந்தக் கடதாசியையும் நான் வாசித்துச் சொன்னால் அது முடிந்த முடிவு. இந்தப் பதவியில் இருந்துகொண்டு, வெள்ளையாவதற்குக் கிரீம் பூசிய மச்சாளை எல்லோருக்கும் முன்னால் ஒருநாள் பிடித்துப் பேசியிருந்தேன். முகத்துக்குக் காசைக் கொட்டுவது படிக்காதவர்களின் வேலை என்பது அந்தப் பேச்சின் சாரம். சிலிக்கோன் துண்டு அந்தப் பேச்சோடு ஒத்துப் போகவில்லை.

நாடிக்குக் கட்டுப் போடுவார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை.

மறுநாள் அம்மாவும் மாமியும் வந்தார்கள். மாமி அப்பாவின் அக்கா. கையில் செவ்விளநீர். எனக்கு மூக்கின் மேல் பிளாஸ்டர் ஓடு, இரண்டு கண்ணைச் சுற்றியும் நாவற்பழ நிறம், நாடியைச் சுற்றி வெள்ளைக் கட்டு.

"அடி கடவுளே, லொறி அடிச்ச மாதிரிக் கிடக்கு" என்றார் மாமி. "மூக்குக்கு எண்டுதானே சொன்னாய். நாடியில என்ன கட்டு?"

"மூச்சுக்குத்தான் மாமி."

"நாடியாலயும் மூச்சு விடுறதோ?"

"மூச்சுப் போற வழி நாடிக்குப் பின்னால இருக்கு. அது இடுங்கிக் கிடந்தது. நாடிய முன்னுக்கு எடுத்தா வழி அகலும்."

தாடை எலும்பையே முன்னால் நகர்த்தும் வேறொரு சத்திரசிகிச்சை உண்டு, அதில் இது நடக்கும். அதை நான் எங்கேயோ வாசித்திருந்தேன். எனக்குச் செய்தது அதுவல்ல. வாயைத் திறக்க முடியாமல் பற்களுக்கு இடையால் சொன்னதால் பேச்சுக்கு ஒரு கனம் வந்துவிட்டது.

மாமி அம்மாவைப் பார்த்தார். "படிச்ச பிள்ளை எண்டா இதுதான். எங்களுக்கு இதெல்லாம் ஆர் சொன்னது?"

அம்மா என் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

வீக்கம் வடிந்தது. மூக்கு நேரானது, இரண்டு பக்கத்தாலும் மூச்சு வந்தது. நாடியும் எனக்குப் பிடித்திருந்தது. மின்தூக்கியின் கண்ணாடியில் அதைப் பக்கவாட்டில் பார்ப்பதற்காகவே அலுவலகத்தில் படியேறுவதை விட்டேன்.

அம்மாவுக்கு இருபது வருடமாக மூச்சிழுப்பு, ஆஸ்துமா. தினமும் வாயில் அடித்து உறிஞ்சும் பம்ப் இருந்தது. மாதா மாதம் அரசாங்க ஆஸ்பத்திரியில் நெஞ்சு கிளினிக். கிளினிக் கொப்பியில் டொக்டர் ஆங்கிலத்தில் எழுதுவதை நான்கு வருடமாக நான்தான் வாசித்துச் சொல்கிறேன். அந்த மாதமும் கூடப் போனேன். நீள வாங்கில் உட்கார்ந்தோம், எங்களுக்கு முன்னால் பதினைந்து பேர். அம்மாவின் நெஞ்சு சத்தம் அடுத்த வாங்குக்குக் கேட்டது.

"பம்ப் அடிக்கலையா அம்மா?"

"விட்டுட்டன். மூண்டு கிழமையாச்சு."

"ஏன்?"

"அதான் எனக்கும் உன்னை மாதிரி ஒபரேஷன் செய்யப் போறமே, பிறகு பம்ப் எதுக்கு?" அம்மா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். "இண்டைக்கு டொக்டரிட்ட நாடிக்கு ஒரு கடிதம் கேப்பம். நீ இங்கிலிசில கேளு, அப்பதான் தருவார். முந்தி எண்டா பயந்திருப்பன். நீ செஞ்சு காட்டினாய்தானே."

வரிசை நகர்ந்தது. நாங்களும் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தோம்.

டொக்டரிடம் வேறு எதையாவது ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, முடியாதாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடலாம். அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்காது, டொக்டருக்குத் தமிழ் விளங்காது. இதை நான் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தேன். அதற்குள் அம்மா இருமத் தொடங்கினார். இருமல் நிற்கவில்லை. பைக்குள் கைவிட்டுப் பம்பைத் தேடினேன். அதைக் கொண்டுவரவே இல்லை.

"அம்மா, நாடிக்கும் மூச்சுக்கும் சம்பந்தமில்ல."

"என்ன?"

"நான் பொய் சொன்னனான். மூக்கு மட்டும்தான் மூச்சுக்கு. நாடி வேற."

"வேற எண்டா?"

"வடிவுக்கு. முகம் அழகாத் தெரியிறதுக்கு."

அம்மா என் நாடியைப் பார்த்தார். முதலில் முன்னாலிருந்து, பிறகு கொஞ்சம் சரிந்து பக்கவாட்டில். அந்த நிபுணரும் அப்படித்தான் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு" என்றார். "அண்டைக்கே சொல்லியிருக்கலாம். மாமியும் ஒண்டும் சொல்லியிருக்க மாட்டா. ரெண்டு நாள் சிரிச்சிருப்பா, அவ்வளவுதான்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அம்மா தலையாட்டினார்.

எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். அம்மா கொப்பியை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"நீ இரு. டொக்டருக்குச் சிங்களம் தெரியும்தானே, நான் கதைக்கிறன்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே டொக்டர் ஏசுவது வெளியே கேட்டது, அம்மா ஏதோ சொல்வதும் கேட்டது. திரும்பி வந்தவர் என்னைத் தாண்டி நேரே மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் போனார். அங்கிருந்த தாதியிடம் கொப்பியை விரித்துக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார்.

காலையில் இரண்டு தடவை, பின்னேரம் இரண்டு தடவை, அடித்த பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும் என்றார் தாதி. நான் நான்கு வருடமாகச் சொல்லி வந்ததும் அதுதான். அம்மா ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, தாதியிடம் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.