அம்மை வராத வீட்டு வேப்பிலை

1957-ஆம் ஆண்டு கோடை விடுமுறை முடிந்தும், நெம்மேலிக்குத் தெற்கே இருந்த அந்தச் சிற்றூரில் பள்ளிக்கூடம் திறக்கவில்லை. பட்டணத்தில் கிளம்பிய விஷக் காய்ச்சல் செங்கல்பட்டு வரைக்கும் வந்துவிட்டது, மறு உத்தரவு வரும்வரை பள்ளி கிடையாது என்று தலையாரி தமுக்கு அடித்துச் சொல்லிவிட்டுப் போனான். பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்களே தவிர, பிள்ளைகளை யாரும் பூட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் போட்ட மதியச் சோறும் நின்றுபோனதால் அவர்கள் வீடு வீடாக நுழைந்தார்கள். கிடைத்ததைத் தின்றார்கள். காய்ச்சலில் கிடப்பவர்களின் பாயிலேயே உட்கார்ந்து ஐந்துகல் ஆடினார்கள்.

சம்பூர்ணத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே மகள், ஏழு வயதுப் பூவாயி. போன மார்கழியில் நிமோனியா கண்டு, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்த பெண். இன்னொரு தடவை மார்பில் சளி கட்டினால் இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். புருஷன் முனிசாமி, சவுக்குக் கட்டை ஏற்றிய படகோடு கால்வாய் வழியே பட்டணம் போயிருந்தான். அவன் எந்த நாளில் திரும்புவான் என்று யாருக்கும் தெரியாது.

முதலில் கதவைச் சாத்திப் பார்த்தாள். பிள்ளைகள் கொல்லை வழியாக வந்தார்கள். விரட்டினாள். அவர்களுடைய தாய்மார்கள் வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் மேல் என்ன சீக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் இடுப்பில் இருந்த குழந்தை இரண்டு முறை தும்மியது.

மறுநாள் விடிந்தபோது சம்பூர்ணத்தின் வாசல் நிலையில் ஒரு கொத்து வேப்பிலை தொங்கியது.

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மை வார்த்திருக்கிற வீட்டுக்குள் வெளியார் கால் வைக்க மாட்டார்கள். கடன் கேட்க மாட்டார்கள், வாசலில் நின்று சத்தம்கூடப் போட மாட்டார்கள். தெரு தானாகவே விலகி நடந்தது. ஆனால் பொய்க்கும் பத்தியம் உண்டு. கடுகு தாளித்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும், மீன் பேச்சையே எடுக்க முடியாது. பூவாயிக்கோ உடம்பில் ஒரு குறையும் இல்லை. கஞ்சியும் துவையலுமாகத் தின்று அலுத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். சம்பூர்ணம் அவளைக் கீழே இழுத்து, சிலேட்டைக் கையில் கொடுத்து, வாய்ப்பாட்டை மெதுவான குரலில் சொல்லச் சொன்னாள். பிறகு அவளே எழுந்து போய்க் கதவிடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். பெண்கள் சேர்ந்து பூவாயிக்காக மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கப் போவதாகக் காதில் விழுந்தபோது, கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். 

ஒன்றை மட்டும் அவள் மறந்திருந்தாள். பக்கத்து வீட்டு ஆராயிக்குச் சின்ன வயதிலேயே பெரியம்மை வந்து, முகமெல்லாம் தழும்பு. வந்து போனவளை அம்மை மறுபடி தொடாது என்பதால், அந்த ஊரில் எந்த வீட்டில் வேப்பிலை கட்டினாலும் உள்ளே போய்ப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். அது அவளுடைய உரிமை. அவளை வேண்டாம் என்று சொல்வது வழக்கத்திலேயே இல்லை. ஆனால் இப்போது ஆராயியின் மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் விஷக் காய்ச்சலில் படுத்திருந்தார்கள்.

ஆராயி மஞ்சள் கிண்ணத்தோடு வந்து கதவைத் தட்டினாள்.

"கதவத் தொற சம்பூர்ணம். மருமவளுக்குக் கஞ்சி குடுத்துட்டு நேரா வரேன். புள்ளைக்கு முத்து எறங்கிச்சா?"

நேராக வருகிறேன் என்ற சொல்லைக் கேட்டதும் சம்பூர்ணத்தின் கை தாழ்ப்பாளிலேயே நின்றது. திறந்தால் எதற்குப் பயந்தாளோ அது உள்ளே வரும். திறக்காமல் இருப்பதற்கு ஒரு நியாயமும் சொல்ல முடியாது. ஆராயி மறுபடி தட்டினாள்.

"அக்கா, உள்ள வராத. புள்ளைக்கு அம்மை இல்ல."

"அப்ப இது இன்னாத்துக்குத் தொங்கிகினு கீது?"

சம்பூர்ணம் கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது, வேறு வழி தெரியாமல் இதைக் கட்டியது, எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். 

"ஆத்தா பேர்ல பொய் சொல்ற. ஊரே கூழுக்குக் கேவுரு குடுத்துகினு கீது. அந்தப் பாவத்த நீயே சுமந்துக்க," என்றாள் ஆராயி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கட்டினது கட்டிட்ட. அவுக்காத. அந்தச் சின்னதுக்கு நெஞ்சுல இன்னா கீது, வெறும் எலும்பு."

ஆராயி இந்த விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்கள் கேட்டால், அம்மை இறங்கிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அவளும் பொய்க்குள் வந்துவிட்டாள் என்பது சம்பூர்ணத்தை இன்னும் அலைக்கழித்தது.

அந்த வாரமே முனிசாமியின் படகு வந்தது. கரையில் இறங்கும்போதே அவனுக்குக் கண் சிவந்து, உடம்பு அனலாய்க் கொதித்தது. மகளுக்கு அம்மை என்று யாரோ சொல்ல, தள்ளாடிக்கொண்டே வீட்டை நோக்கி ஓடி வந்தான். ஆராயி தெருவிலேயே குறுக்கே நின்றாள். அவன் திமிறினான். என் வீட்டுக்குள் நான் போகக் கூடாதா என்று கத்தினான். அவள் காதோடு உண்மையைச் சொல்லி, அவன் தோளைப் பிடித்துத் திருப்பித் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். சம்பூர்ணம் வேலிப் பக்கம் வந்து நின்றாள். அவன் இருமுவது கேட்டது. ஒரு எட்டு வைத்தால் தொடலாம். அவள் வேலிப் படலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வைக்காமல் இருந்தாள். அந்த நாட்களில் அவள் வேலிக்கும் அடுப்புக்குமாக நடந்த நடையில் கொல்லைப் புல் தேய்ந்துபோயிற்று.

முனிசாமி தேறினான். ஆராயியின் மருமகள் பாயிலிருந்து எழுந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கருங்குழியில் இருந்த தாய் வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகுதான் ஆராயி காய்ச்சலில் படுத்தாள்.

முனிசாமி குளித்து, துணி மாற்றிக்கொண்டு தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது, ஆராயி நீராகாரம்கூட இறங்காமல் கிடக்கிறாள் என்று சொன்னான். சம்பூர்ணம் திரும்பிப் பூவாயியைப் பார்த்தாள். பெண் சிலேட்டில் கோழிப் படம் போட்டுக்கொண்டிருந்தாள். போனால் இந்தப் பெண். போகாவிட்டால் ஆராயி. இரண்டு மூச்சு விடுகிற நேரம் அவளால் நிற்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. அப்புறம் முனிசாமியின் முகம் கண்ணில் பட்டது.

"உனுக்குத்தான் வந்து போய்ட்சே. நீ போய் அவளப் பாரு."

"நானா? நான் பொம்பளைக்குக் கஞ்சி காச்சவா?"

"அவ உனுக்குக் காச்சல?"

முனிசாமி தலையைச் சொறிந்தான். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு போனான். அடுப்பு ஊதி அறியாத மனிதன்; ஆராயி வீட்டுக் கூரையிலிருந்து புகை கிளம்பி, தீப்பிடித்துவிட்டதோ என்று எதிர் வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். சம்பூர்ணம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, நொய்யை முதலில் களைந்து போடு, தண்ணீரை இன்னும் ஒரு சொம்பு விடு, உப்பைக் கடைசியில் போடு என்று தொண்டை வறளக் கத்தினாள். உள்ளேயிருந்து இருமலுக்கு நடுவே ஆராயியின் குரல் வந்தது.

"அடியே, உன் புருசன் எனுக்குக் களி கிண்டறான்."

சம்பூர்ணம் சிரிக்கவில்லை. "இன்னொரு சொம்பு வுடு," என்று மறுபடியும் கத்தினாள்.