மூன்றாம் கம்பி

கிட்டார் பழுதுபார்க்கும் அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் படித்ததில்லை. 'காதுக்காரர் கடை' என்றால்தான் தெரியும். கிட்டாரைத் தூக்கி வருகிற சத்தத்திலேயே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவாராம். கொஞ்சம் கூடுதலான பேச்சுதான், ஆனால் அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. பதினெட்டு வயதில் நாற்காலிக் கால் இழைத்துக்கொண்டிருந்தவரை நாற்பதில் பாட்டுக்காரர்கள் எல்லாம் தேடி வந்தால், தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

அந்தக் கனம் இறங்கியது அக்காவின் தலையில்.

அக்கா சட்டைக் கம்பெனியில் பொத்தான் துளை போடுகிறவர். ஒரு நாளைக்கு எண்ணூறு துளை. ஒன்றுகூட நூலளவு பிசகாது. நாற்பத்தைந்து வயதில் கிட்டார் படிக்கும் ஆசை வந்து, ஒன்றை வாங்கித் தம்பியிடம் கொண்டுவந்தார்.

"கம்பி உசரமா இருக்குடா. விரல் வலிக்குது."

அன்று மேஜையில் பள்ளிக்கூடத்துக் கிட்டார்கள் ஆறு காத்திருந்தன. கிட்டாரின் கழுத்து முடிந்து தலை தொடங்குகிற இடத்தில், கம்பிகள் உட்கார்ந்து போக ஓர் எலும்புத் துண்டு இருக்கும். அதிலுள்ள பள்ளங்களை அரத்தால் கொஞ்சம் இறக்கினால் கம்பியும் இறங்கும். மூன்றாம் கம்பிக்கு இரண்டு இழுப்பு போதும். அவசரத்தில் காதுக்காரர் ஆறு இழுத்துவிட்டார்.

மறுவாரம் அக்கா திரும்பி வந்தார். "மூணாவது கம்பி வண்டு மாதிரி இரையுதுடா."

கடையில் மேடைப் பாடகர் ஒருவர் தன் கூட்டாளிகளோடு நின்றிருந்தார். காதுக்காரர் கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். பள்ளம் ஆழமாகிவிட்டது என்று கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். வாய் வரவில்லை. வந்தது வேறு.

"கிட்டார்ல ஒண்ணும் இல்லக்கா, உன் கைதான். துணி தைக்கிற மாதிரி இழுத்தா இரையாம என்ன செய்யும்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

கடையே சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டுக் கிட்டாரை எடுத்துக்கொண்டு போனார். இவர்கள் போகட்டும், கூப்பிட்டுச் சரிசெய்து கொடுத்துவிடலாம் என்றுதான் காதுக்காரர் நினைத்திருந்தார். அந்த 'கூப்பிடலாம்' ஆறு வருடம் இழுத்தது.

நடுவில் அக்கா வீட்டுக்காரர் ஒருநாள் சொன்னார். "உங்கக்கா மெதுவா, இன்னும் மெதுவான்னு தட்டிப் பார்த்தா மாப்ள. கடைசியில பக்கத்துல இருக்கிற எனக்கே கேக்கல. அப்புறம் பரண்ல ஏத்திட்டா." சும்மாதான் சொன்னார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? அதற்குப் பிறகு அக்கா வீட்டுக்குப் போனால் காதுக்காரரின் கண் பரண் பக்கம் ஏறாது.

இப்போது அந்தக் கிட்டாரே தூசியோடு அவர் மேஜைக்கு வந்துவிட்டது. அக்காவின் புது மருமகளுக்கு வாசிக்கத் தெரியுமாம்.

"கம்பி மட்டும் மாத்திக் குடுடா. கிட்டார் நல்ல கிட்டார்தான். என் கைக்குத்தான் குடுத்து வைக்கல."

அக்கா போனதும் மூன்றாம் கம்பியை கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுகளில் மூன்றாவதில் அழுத்திப் பிடித்துப் பார்த்தார். முதல் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு காகிதம் நுழைகிற இடைவெளியாவது இருக்க வேண்டும். கம்பி ஃப்ரெட்டின் மேலேயே படுத்துக் கிடந்தது. பழைய எலும்பைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று அறுத்தார். அரத்தை ஒவ்வொரு முறை இழுத்த பிறகும் நிறுத்தி, கம்பியை மாட்டிப் பார்த்து, மறுபடி இழுத்தார். அரைமணி நேர வேலைக்கு ஒரு பகல் போனது. பழைய துண்டைக் குப்பையில் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. போடப் போனவர், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மருமகள் நாலு தட்டுத் தட்டினாள். ஆறு கம்பியும் சுத்தமாகப் பேசின.

அக்காவின் முகம் மலர்ந்தது. "பார்த்தியாம்மா? என் தம்பி அன்னிக்கே சொன்னான், கைதான்னு. அவன் காது பொய் சொல்லாது."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழியைச் சுமந்தவர் எதிரே நின்று சிரிக்கிறார்.  காதுக்காரர் பையிலிருந்த துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கூடம்தான்க்கா கோணல். கோணலாக்கினது நான். இந்தப் பள்ளத்தை ஆழமா அறுத்துட்டேன். அன்னிக்கே எனக்குத் தெரியும். ஆளுங்க முன்னாடி ஒத்துக்க மனசு வரல."

அக்கா துண்டை எடுத்து, பொத்தான் துளை பார்க்கிற கண்ணால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்போ என் கை நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சுக்கா."

நாலு வார்த்தை திட்டமாட்டாரா என்று காதுக்காரருக்கு இருந்தது. அக்கா மருமகள் பக்கம் திரும்பினார்.

"இதை என்கிட்ட குடும்மா. உனக்கு மாமா வேற ஒண்ணு பார்த்துக் குடுப்பான்."

கிட்டாரை மடியில் வைத்து மூன்றாம் கம்பியை இழுத்தார். மெதுவாக அல்ல, துணியை இழுக்கிற மாதிரி பலமாக. கணீரென்று கேட்டது. இன்னொரு முறை இழுத்தார். அதற்குமேல் வாசிக்க எதுவும் நினைவில் இல்லை. எழுந்து கிட்டாரைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார்.

வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "ஆறு வருஷம்டா."

காதுக்காரர் கேட்டுக்கொண்டு நின்றார்.