மினுங்குகிற சட்டை

வெள்ளவத்தைப் புடவைக்கடையொன்றில் நூல் சட்டை ஒன்றை எடுத்து முகர்ந்தபோது, அந்தக் கஞ்சி மணத்துக்குள்ளிருந்து கடற்கரை ஒழுங்கையின் தகரக் கொட்டகை எழுந்து வந்தது. இன்று அந்த இடத்தில் தொடர்மாடிக் குடியிருப்பு நிற்கிறது. அன்று அது எங்கள் ரியூஷன் வகுப்பு: விசிறி கிடையாது, வாங்குப் பலகையில் தோளோடு தோள் ஒட்டி இருப்போம், ரயில் போகும்போதெல்லாம் தகரம் அதிரும், மாஸ்டர் பாதிச் சொல்லில் நிறுத்திக் காத்திருப்பார்.

எனக்கு மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக வியர்க்கும். ஆனாலும் கனடா மாமா அனுப்பிய பொலியெஸ்டர் சட்டையைத்தான் அம்மா போட்டுவிடுவார். நூல் உடுப்பு வீட்டோடு சரி, வெளியே போனால் மினுங்க வேண்டும். "நூல் சட்டையோட போனா, மாமா ஒண்டும் அனுப்பேல்லை எண்டெல்லோ சனம் கதைக்கும்" என்பார். முதல் கணக்கு முடிவதற்குள் அக்குளில் இரண்டு ஈர வட்டங்கள் விரிந்துவிடும், பக்கத்தில் கஞ்சி மணக்கும் நூல் சட்டையோடு இருந்தவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்வாள். விடை தெரிந்த கேள்விக்குக்கூட நான் கை தூக்கியதில்லை. மாஸ்டர் என்னை மொக்கு என்றே முடிவு கட்டிவிட்டார்.

"கையைத் தூக்குங்கோ அக்கா, அளவு பாப்பம்" என்றாள் கடைப்பெண்.

கூட வந்திருந்த அம்மா, மெல்லிய நூல் சேலையில், விசிறிக்குக் கீழே கதிரையில் சாய்ந்திருந்தார். "நான் அப்பவே சொன்னனான், உனக்கு நூல்தான் ஒத்துவரும் எண்டு" என்றார்.

என் கைகள் விலாவோடு ஒட்டியபடியே இருந்தன.