தலைக்கு மேல் பித்தளை வேண்டாம்

புளி போட்டுத் தேய்த்த பித்தளையின் வாசனை… இன்றைக்கும் அது மூக்கில் பட்டால் நான் ஸ்கெலட்டன் லைன் வீட்டுக்குப் போய்விடுவேன்.

பிறந்தது குடியாத்தம். சுரங்க வேலைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, கைக்குழந்தையோடு கேஜிஎஃப்பில், அதாவது கோலார் தங்கவயலில், சுரங்கக் கம்பெனியின் வரிசை வீடான அந்த லைன் வீட்டுக்குத் தனிக்குடித்தனம் வந்த புதிது. அம்மா கொடுத்த சீர்… அண்டா, தவலை, குடம் எல்லாவற்றையும் பளபளவென்று தேய்த்து மேல் பலகையில் அடுக்கினேன். வாசலில் நின்று பார்த்தாலே தெரிய வேண்டும், இல்லையா?

பக்கத்து வீட்டுக் காந்தம்மாக்கா எட்டிப் பார்த்தார். உடனே இரண்டு பெண்களைக் கூட்டிவந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் இறக்கினார்.

"இன்னாக்கா இது, எங்கம்மா குடுத்த சீரு…"

"சீரு எங்கயும் போவாது, தரையிலயே இருக்கட்டும். தூளிய எங்க கட்டிகீற பாரு!"

பலகைக்கு நேர் கீழே மகளின் தூளி. ஆனாலும் எனக்குக் கோபம். அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த மாதமே ஒரு மத்தியானம்… ஏர் பிளாஸ்ட். சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் மேலே வீடே ஆடும். ஜன்னல் கடகடத்தது. பலகை ஒரு பக்கம் ஆணியோடு பெயர்ந்து தொங்கியது. அதிலிருந்து விழுந்தது ஒரு முறம் மட்டும். மகள் சிணுங்கிவிட்டுத் தூங்கிப்போனாள். நான் தூளியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"கொயந்த இன்னா பண்ணுது? அடுப்ப அணச்சியா?"

வாசலில் காந்தம்மாக்கா. லைன் வழக்கம் அது. ஆட்டம் நின்றதும் வீட்டுக்கு வீடு குரல் கொடுப்பார்கள். பதில் வராத வீட்டுக்குள் நுழைந்துவிடுவார்கள்.

என் வீட்டுக்காரருக்கு அன்று லீவு, கடைத்தெருவுக்குப் போயிருந்தார். ஆனால் அக்காவின் வீட்டுக்காரர் அந்த நேரம் சுரங்கத்துக்குள் ஷிஃப்டில் இருந்தார். கடைசி வீடு வரை கேட்டு முடித்துவிட்டுத்தான் அக்கா சுரங்க வாயிலான ஷாஃப்ட் பக்கம் ஓடினார். சாயங்காலம் அந்த அண்ணன் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் பத்திரமாக மேலே வந்த பிறகுதான் எங்கள் லைனில் அடுப்பு எரிந்தது.

இப்போது சுரங்கமும் இல்லை, அக்காவும் இல்லை. நான் பெங்களூரில் மகள் வீட்டில். இங்கே ஃபயர் டிரில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, அவரவர் போனோடு இறங்கி வருகிறார்கள். பக்கத்துக் கதவைத் தட்டுகிறவள் நான் ஒருத்திதான்…

போன வாரம் பேரனின் கட்டிலுக்கு மேலே ஷெல்ஃப் அடிக்க ஆள் வந்திருந்தார். நான் வாயைத் திறக்குமுன் மகள் சொன்னாள்.

"கொயந்த தலைக்கு மேல எதுவும் வாணாங்க. எங்க ஊர்ல வைக்க மாட்டோம்."

அந்த ஏர் பிளாஸ்ட் அவளுக்கு நினைவே கிடையாது.

என் சீர்ப் பித்தளையைப் பார்த்து அன்று பட்ட பெருமையெல்லாம், அந்த வெறும் சுவரைப் பார்த்தபோது வந்த பெருமைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.