நாலாம் பாயிண்ட்

தெருவில் அவருக்கு ‘சுவிட்ச்’ என்று பெயர். வேலை என்னவோ காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர்தான். வீட்டில் ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் எண் கொடுத்து, வயர் இழுத்து, பின்னறைக் கம்ப்யூட்டரோடு இணைத்து வைத்திருந்தார். உட்கார்ந்த இடத்தில் ஒரு தட்டு தட்டினால் அடுப்படியில் மிக்சி அடங்கும், கூடத்தில் விளக்கு எரியும்.

பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமனாருக்கு இது நல்ல வேடிக்கை. ஒரு காலத்தில் பேருந்து ஓட்டியவர். குரல் கம்மிப்போனாலும் குசும்பு குறையவில்லை.

“மாப்ள, கையத் தூக்காமலே லைட் எரியுது. ஆண்டவன் உங்களுக்குக் கைய சும்மா குடுத்துட்டான் போல.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். உள்ளே சுருக்கென்றது.

மாமனார் படுத்திருந்தது காற்று மெத்தையில். அதன் பம்ப் நின்றால் முதுகில் புண் வரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் பம்ப் சொருகியிருந்த ஐந்தாம் பாயிண்டை மட்டும் அவர் கம்ப்யூட்டரில் சேர்க்கவில்லை. ஆனால் அந்தப் பாயிண்ட் ஆட்டம் கண்டுவிட்டது.

“ஏங்க, பிளக் நிக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் ஸ்குரூவ முடுக்கிக் குடுங்க.”

சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன மனைவி, டிவி இருந்த நாலாம் பாயிண்டிலேயே எக்ஸ்டென்ஷன் பெட்டி வைத்துப் பம்ப்பைச் சொருகினாள். அவரிடம் சொல்லவும் செய்தாள். அவர் திரையைப் பார்த்தபடி ‘ம்’ கொட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போயிருந்தாள். டிவி அலறியது.

“மாமா, சத்தத்தக் கொறைங்க!”

சத்தம் இன்னும் ஒரு படி ஏறியது. அவர் நாலாம் பாயிண்டை அணைத்தார். வீடு அடங்கியது. சற்றுப் பொறுத்து, கட்டில் கம்பியில் ஸ்பூன் தட்டும் ஓசை. டிவிக்குத்தான் கெஞ்சுகிறார், தட்டட்டும் என்று இருந்துவிட்டார். அந்த ஓசை காதுக்கு இனிப்பாகக்கூட இருந்தது. பம்ப்பும் அதில்தான் இருக்கிறது என்பதை மறந்ததை யாரும் மன்னித்துவிடுவார்கள். இனித்ததை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது?

மனைவி திரும்பி வந்தபோது மெத்தை சப்பையாகிக் கிடந்தது. அப்பாவைப் புரட்டிப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே கன்றிச் சிவந்திருந்தது.

“என்னப்பா ஆச்சு?”

மாமனார், நிலைப்படியில் நின்ற மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். “கரண்ட் போயிருச்சும்மா.”

திட்டியிருந்தால் மாப்பிள்ளை தாங்கியிருப்பார்.

அவள் பின்னறையை எட்டிப் பார்த்தாள். திரை எரிந்துகொண்டிருந்தது. “அந்த ரூமுல மட்டும் போகலையோ?”

பேட்டரியில் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது.

“நான்தான் நிறுத்தினேன்” என்றார்.

அவள் இழுப்பறையிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் ஐந்தாம் பாயிண்டின் முன் மண்டியிட்டு முடுக்கினார். பிளக் அசையாமல் நின்றது. பம்ப் முனகத் தொடங்கியது.

“பரவால்ல மாப்ள,” கட்டிலிலிருந்து கம்மிய குரல் வந்தது. “கைய சும்மா குடுக்கல.”

அவர் திரும்பவில்லை. இறுகிவிட்ட ஸ்குரூவையே மறுபடி மறுபடி முடுக்கிக்கொண்டிருந்தார்.