தங்கச்சி பார்த்த குதிரைகள்

கீரி என்ற கடற்கரை ஊரில் எங்கள் வீட்டில் ஞாயிறு பூசை முடிந்து வந்தால் பழைய போர்ப் படம் ஒன்று ஓடும். குதிரைப்படை வருகிற கறுப்பு வெள்ளைப் படமென்றால் எனக்கு உயிர். வாளை உருவிக்கொண்டு நூறு பேர் பாயும்போது கதிரை நுனிக்கு வந்துவிடுவேன். தங்கச்சியோ சண்டைக்கு முந்திய முகாம் காட்சியைத்தான் திரும்பத் திரும்பப் போடுவாள். வீரன் ஒருவன் குதிரையின் தோளோடு ஒட்டி நின்று, காலைத் தடவியபடியே குனிந்து, குளம்பைத் தூக்கிக் கல்லெடுப்பான்.

"அண்ணா, அவன் எங்க நிக்கிறான் எண்டு பாருங்கோ. பின்பக்கம் போகவே இல்லை."

"பட்டாளத்தில சேரப் போறியோ?" என்று சிரிப்பேன். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. வீட்டில் தையல் வேலை. குதிரையை நேரில் கண்டதேயில்லை.

போன வருடம் ஒருநாள் காலை, கடலால் வந்து வலையை இறக்கும்போது கரையில் ஒரே சத்தம். கழுதை ஒன்றின் முன்காலில் தங்கூசி நைலோன் வலை சுற்றி, நூல் சதைக்குள் இறங்கியிருந்தது. கயிறு போடப் போன இரண்டு பேருக்கும் உதை. அந்த வழியால் வந்த தங்கச்சி சைக்கிளைப் போட்டுவிட்டு இறங்கினாள்.

"கயித்தை விடுங்கோ. எல்லாரும் தள்ளி நில்லுங்கோ."

"வேண்டாம், எலும்பு முறியும்!" என்று கத்தினேன்.

"நீங்கள் கத்தாமல் நில்லுங்கோ, அண்ணா."

தோளோடு ஒட்டி நின்றாள். ஏதோ முணுமுணுத்தபடி கையைக் கீழே இறக்கினாள். கழுதை உதறியதில் மணலில் விழுந்தாள். எழும்பி, முதலிலிருந்து தொடங்கினாள். மூன்றாம் தரம் கால் அவள் கைக்குள் வந்தது. தையல் பையிலிருந்த சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு நூலாக வெட்டினாள். எங்கள் கரையில் அவ்வளவு பேர் வாய் திறக்காமல் நின்றதை நான் அன்றுதான் கண்டேன்.

பிறகு வந்த மிருக வைத்தியர் காயத்தைப் பார்த்துவிட்டு, "எங்க படிச்சனீங்கள்?" என்று கேட்டார். அவள் வெட்கத்தில் குனிந்து வெட்டிய நூல்களைப் பொறுக்கினாள்.

"படம் பார்த்துப் படிச்சவ, டொக்டர்," என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் திங்கட்கிழமை தன் கந்தோருக்கு வரச் சொன்னார்.

இப்போது கிழமையில் மூன்று நாள் அவருக்கு உதவியாகப் போகிறாள். விடத்தல்தீவில் ஆடு, கொண்டச்சியில் மாடு. போன மாதம் நான் மீன் கொண்டு கொண்டச்சிக்குப் போனபோது ஒருவர் என்னை உற்றுப் பார்த்து, "மாட்டுக்கு மருந்து கட்ட வாற அக்காவின்ர அண்ணனோ நீங்கள்?" என்றார்.

"ஓம், அண்ணன்தான்," என்றேன், பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.